சுண்டெலியிடம் கேட்கத் தகுந்தது: மரபணு மாற்றிய எலிகளும் மனநோய் ஆய்வும்

காரைக்கால் மாவட்டத்துச் சுரக்குடியில் கிட்டி வைக்கத் தெரிந்தவர் எல்லா எலிக்கும் ஒரே இடத்தில் கிட்டி வைக்கமாட்டார். கரம்பை எலியின் வளை வேறு, வெள்ளெலியின் வளை வேறு. வயல் சுண்டெலிக்கு வரப்பில் ஒரு சிறு துளை போதும். எலியின் நடத்தை அதன் இனத்தோடும் இடத்தோடும் பிணைந்தது என்பதை டெல்டா உழவர்க்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மனநோயை எலிகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் இதைப் பலமுறை மறந்திருக்கிறார்கள். மரபணு மாற்றிய சுண்டெலி மனநோயின் சிறுவடிவம் அன்று. மூளையின் இயக்கத்தில் ஏதேனும் ஒரு படியைத் தனியே நிறுத்திச் சோதிக்க உதவும் கருவி மட்டுமே என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வரம்புக்குள் அதன் சாட்சியம் வலுவானது. வரம்பைத் தாண்டி அதைப் பேசவைத்தால் கெடுவது ஆய்வும் நோயாளியின் நம்பிக்கையும்.

வேண்டிய மரபணுவைக் குறிவைத்து முடக்கும் நுட்பத்துக்காக மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் மூவரும் 2007-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 1992-இல், சுசுமு தொனெகாவாவின் ஆய்வகம் ஒரேயொரு நொதியின் மரபணுவை நீக்கி, அதனால் எலியின் கற்கும் திறன் குறைவதைக் காட்டியிருந்தது. மூளையியலார்க்கு அது பெரிய திறப்பு. மனநோய்க்கும் இதே வழி உதவும் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்து வளர்ந்தது.

அந்த எதிர்பார்ப்பை எடைபோட ஃப்ராஜைல் எக்ஸ் குறைபாட்டைவிட நல்ல வழக்கு இல்லை. கறாராகச் சொன்னால் இது மனநோய் அன்று, அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு. பதற்றமும் ஆட்டிசத்தின் இயல்புகளும் பலருக்கு உடன் வருகின்றன. ஆனால் இதற்குக் காரணம் ஒரே மரபணு. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 என்ற அந்த மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று 200 முறைக்கு மேல் திரும்ப வந்தால் மரபணு அடங்கிப்போகிறது. அது ஆக்க வேண்டிய புரதம் உருவாவதில்லை. நரம்புச் செல்கள் கைகோக்கும் சினாப்ஸில் மற்றப் புரதங்கள் அளவுக்கு மீறி உருவாகாமல் தடுப்பது இப்புரதத்தின் வேலை. 1991-இல் மரபணு கண்டறியப்பட்டது. 1994-இல் அது நீக்கப்பட்ட எலி வந்துவிட்டது.

தடுப்பு போய்விட்டது, முடுக்கும் பக்கத்தையாவது குறைப்போம் என்பது அடுத்த கருதுகோள். எம்ஜிஎல்யூஆர்5 என்ற ஏற்பியே அந்த முடுக்கி என்று மார்க் பேரும் சகாக்களும் 2004-இல் வாதிட்டனர். 2007-இல், எஃப்எம்ஆர்1 இல்லாத எலியில் இந்த ஏற்பியின் அளவையும் மரபணு வழியே பாதியாக்கினார்கள். பல குறைகள் சரியாயின. மருந்து நிறுவனங்கள் களமிறங்கின. நோவார்ட்டிஸ் தன் மாவோக்ளூரன்ட் மருந்தைப் பதின்பருவத்தினரிடமும் பெரியவர்களிடமும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தது. நடத்தையில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. 2014-இல் அம்முயற்சியைக் கைவிட்டது. ரோஷ் நிறுவனத்தின் இதே வகை மருந்துக்கும் அதே கதி.

எலி ஏமாற்றிவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, அபர்ணா சுவ்ரதனை முதல் ஆசிரியராகக் கொண்டு, 2010-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தவர்க்கு அந்தத் தோல்வி முழு வியப்பாக இருந்திருக்க முடியாது. அச்சத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா பகுதியை, எஃப்எம்ஆர்1 நீக்கிய எலிகளின் மூளைச் சீவல்களில் அவர்கள் ஆராய்ந்தனர். சினாப்ஸின் இரு கரையிலும் குறை இருந்தது. எம்ஜிஎல்யூஆர்5-ஐத் தடுக்கும் வேதிப்பொருளைச் செலுத்தியபோது, சமிக்ஞை அனுப்பும் கரையில் இருந்த குறை நீங்கியது. பெறும் கரையில் இருந்த குறை அப்படியே நின்றது. ஒரே மரபணு, ஒரே மருந்து, ஒரே சினாப்ஸ். அங்கேயே பாதிதான் மீண்டது. எலி தன் சாட்சியத்தை அளந்துதான் சொன்னது. அளவில்லாமல் கேட்டது நாம்.

அளந்த பொருளும் வேறு. எலியிடம் சினாப்ஸின் மின்னோட்டத்தையும் உரத்த ஒலியால் வரும் வலிப்பையும் அளந்தார்கள். மனிதரிடமோ பிள்ளையின் நடத்தை குறித்துப் பராமரிப்பவர் நிரப்பும் வினாத்தாளே முதன்மை அளவை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சிறியதன்று. ஒரே மரபணுவால் வரும் குறைபாட்டிலேயே இந்த நிலை என்றால், நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் சிறிது சிறிதாகப் பங்களிக்கும் மனச்சிதைவு நோய்க்கு ஒரு மரபணுவை நீக்கிய எலியை மாதிரி என்று எப்படிக் காட்டுவது?

மனச்சோர்வு ஆய்வில் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடி உருளையில் நீர் நிரப்பிச் சுண்டெலியை உள்ளே விடுகிறார்கள். தப்ப வழியில்லை. 6 நிமிடம் வைத்துக் கடைசி 4 நிமிடத்தில் அது எவ்வளவு நேரம் நீந்தாமல் மிதக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். அதிகம் மிதந்தால் நம்பிக்கையிழப்பு என்று எழுதுகிறார்கள். நீந்திப் பயனில்லை என்று தெரிந்தபின் ஆற்றலை வீணாக்காமல் மிதப்பது புத்திசாலித்தனம் ஆகாதா? இந்தச் சோதனை ஒன்றையே சான்றாக வைத்து மனச்சோர்வின் மரபணு என்று முடிவுகட்டும் கட்டுரைகள் இதழ்களில் இடம்பெறத் தகுதியற்றவை.

இடமும் குறுக்கிடுகிறது. ஜான் கிராப் குழுவினர் 1999-இல் ஒரே மரபு வழி எலிகளை, முடிந்தவரை ஒரே மாதிரியான கருவிகளோடும் ஒரே நேர அட்டவணையோடும், மூன்று ஊர்களின் ஆய்வகங்களில் சோதித்தார்கள். சில நடத்தைகளில் முடிவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியது.

சூழல் எவ்வளவு ஆழம் செல்லும் என்பதற்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஒரு சான்று உண்டு. எம்.கே. சந்திரசேகரனும் விஸ்வநாதனும் நம் வயல் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வு 1985-இல் நேச்சர் இதழில் வந்தது. ஒளி மாறாத சூழலில் தாயெலியைக் குறித்த நேரம் குட்டிகளோடு இருக்கவிட்டுக் குறித்த நேரம் பிரித்தார்கள். தாய் வருவதும் போவதுமே குட்டிகளின் உடற்கடிகாரத்துக்கு நேரம் குறித்தது. பிற்பாடு, 2007-இல், கொலீன் மெக்ளங் குழு கடிகார மரபணு பழுதான எலிகள் மிகையாக அலைவதையும் குறைவாக உறங்குவதையும், மனநோய் மருந்தான லித்தியம் கொடுத்தால் பல நடத்தைகள் இயல்புக்குத் திரும்புவதையும் காட்டியது. பித்து நிலை நோயாளியின் உறக்கக்கேட்டை அறிந்த மருத்துவர்க்கு இது பொருளுள்ள செய்தி. மெக்ளங்கின் முடிவோடு மதுரை முடிவையும் சேர்த்துப் படித்தால்தான் மரபணு எங்கே நிற்கிறது, தாய் எங்கே நிற்கிறாள் என்ற கேள்வி எழும். அப்படிச் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு.

கேள்வி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி சென்னையில் உண்டு. சாரதா மேனன் 1984-இல் நிறுவிய, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பின் ஆர். தாராவும் சகாக்களும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, 3,000-க்கும் மேற்பட்டோரின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். நியாசின் வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புள்ள மரபணு ஒன்று அதில் சுட்டப்பட்டது. மரபணு கிடைத்த பின்னரே விலங்கிடம் போனார்கள்: வரிக்குதிரை மீனில் அந்த மரபணுவைக் குலைத்தபோது மூளை வளர்ச்சி மாறியது. மீனுக்கு மனச்சிதைவு நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. மரபணு மூளை வளர்ச்சியில் பங்கேற்கிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் மீனிடம் விடை கேட்டார்கள்.

விலங்குச் சோதனைக்கு ஒப்புதல் தரும் நிறுவனக் குழுக்கள் எத்தனை எலி, என்ன மயக்கமருந்து என்று கேட்பதோடு நிற்கலாகாது. இந்த எலி எந்தப் படியைச் சோதிக்கிறது, அதே அளவீட்டை நோயாளியிடம் எடுக்க வழியுண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விண்ணப்பத்தில் எழுத்தில் விடை கேட்க வேண்டும். விடையில்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.