பன்னிரண்டெழுத்து பிறந்த கதை

யாழ்ப்பாணத்து உயர்தர மாணவருக்கு வெங்காயம் இரண்டு இடங்களில் அறிமுகம்: சம்பலிலும் நுணுக்குக்காட்டியின் கீழும். வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றினால் பதினாறு நிறமூர்த்தங்களும் பருமனாகத் தெரியும். ஆனால் இத்தனை பேர் பார்த்த அந்த நிறமூர்த்தங்களின் அந்தத்தில் எந்த டீ.என்.ஏ. எழுத்துகள் உள்ளன என்பது 2016 வரை தெரியாது.

அந்தம் ஆபத்தான இடம். டீ.என்.ஏ. எங்காவது அறுந்தால், திருத்தும் புரதங்கள் வந்து முனைகளைச் சீவி ஒட்டிவிடும். இயல்பான நுனியையும் அப்படி ஒட்டினால், பிணைந்த நிறமூர்த்தங்கள் கலப்பிரிவின்போது கிழியும். அதனால் நுனியில் ஒரு குறுந்தொடர் திரும்பத் திரும்ப வரும், அதுவே ரெலோமியர். அங்கே அமரும் புரதங்கள் வெட்டும் நொதியங்களை அளவோடுதான் அனுமதிக்கும். கலப்பிரிவில் தேய்ந்ததை ரெலோமரேஸ் என்ற நொதியம் நீட்டும். தாவரங்களில் அது வேர்நுனி போன்ற பிரியும் இழையங்களில் இயங்கும். முதிர்ந்த இலையில் அடங்கிவிடும். வலிகாமத்துக் கமக்காரர் விதை வெங்காயத்தைக் கட்டித் தொங்கவிட்டு, அடுத்த போகத்தில் அதையே நடுகிறார்கள். போகத்துக்குப் போகம் பிரியும் கலங்களுக்கு நுனி தேயாமல் இருக்க வேண்டும்.

1988 இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட்ஸும் அவுசுபெலும் அரபிடோப்சிஸ் செடியில் அந்தத் தொடரைக் கண்டார்கள்: மூன்று டீ, ஒரு ஏ, மூன்று ஜீ. பெரும்பாலான தாவரங்களில் அதுவே இருந்தது. 1990களில் ஜேர்மனியில் இங்கோ ஷூபேர்ட் குழு வெங்காயத்தில் தேடியபோது அது அகப்படவில்லை. வெங்காயம் வேறு வகைத் தொடர்களால் நுனியைக் காக்கிறதோ என்று சந்தேகித்தார்கள்.

செக் குடியரசின் புர்னோ நகரில் ஃபைகுஸ் குழு, தெரிந்த தொடரைத் தேடுவதை விட்டு, வெங்காயத்தின் மரபணுத் தரவுகளையே கணினியில் அலசியது. வெளிப்பட்டது பன்னிரண்டெழுத்து: சீ-டீ-சீ-ஜீ-ஜீ-டீ-டீ-ஏ-டீ-ஜீ-ஜீ-ஜீ. இது நுனியில்தான் இருக்கிறதா? பால்31 என்ற நொதியம் டீ.என்.ஏ.யை அந்தத்திலிருந்து தின்னும். நுனித்தொடர் என்றால் முதலில் குறைய வேண்டும். குறைந்தது. அதைக் கட்டுவது ரெலோமரேஸ் என்பதும் உறுதியானது.

ரெலோமரேஸ் தனக்குள் உள்ள ஆர்.என்.ஏ. அச்சைப் பார்த்தே எழுதும். ஏழெழுத்து அச்சு தற்செயலாக எங்கும் அகப்படும். பன்னிரண்டெழுத்து அப்படி அகப்படாது. அந்த நீளத்தைப் பிடித்துக்கொண்டு 2019 இல் அதே குழு வெங்காயக் குடும்பத்தின் அச்சைக் கண்டது. அதன் சாயலைக் கொண்டு அரபிடோப்சிஸ் உட்படப் பல தரைத்தாவரங்களின் அச்சுகளையும் இனங்கண்டது.