கெல்லி மாளிகையும் அதைக் கட்டிய கைகளும்

பத்து காஜாவுக்கு அருகே நிற்கும் கெல்லி மாளிகையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், "பேய் வீடு, சார்!" என்பார்கள். இரவில் துரையின் ஆவி உலாவுகிறதாம். அந்த வீட்டின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மலாயா வந்து ரப்பர்த் தோட்ட முதலாளியானார். 1915இல் இம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் வேலையாட்களும் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலில் வந்தனர். மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டுக் கட்டினார்கள்.

1918ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இங்கும் வந்தது. தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் கேட்டார்கள். துரையும் கட்டித் தந்தார். அக்கோயிலின் மேலே, தெய்வச் சிலைகளுக்கு நடுவே, துரையின் சிலையையும் வைத்தார்கள்.

1926இல் துரை லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். அவர் மனைவி சொத்தை விற்றுவிட்டார். மாளிகை அரைகுறையாக நின்றது, காடு மண்டியது. ஆளில்லாத வீட்டில் பேய்க்கதை குடியேறியது.

துரையின் ஆவியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. காய்ச்சலில் மடிந்த நம் மக்களைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர்? அங்கே போனால் பேயைத் தேட வேண்டாம். அந்தச் செங்கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டி, யார் அடுக்கியது என்று சொல்லிக் கொடுப்போம்.