வெயிலும் தோலும் எலும்பும்

சொரியாசிஸ் நோய்க்கு இன்றைய அரபு வழக்கில் ‘ஸதஃபிய்யா’ என்று பெயர். ‘ஸதஃப்’ என்பது சிப்பி. செதில்களைக் கண்டு இட்ட பெயர். சித்த மருத்துவர் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயிலிட்டு வெயிலில் வைத்த தைலத்தைப் பூசச் சொல்வர்.

தோலுக்கு இதமான அவ்வெயிலே எலும்புக்கும் உரம். 1922-இல் நாசிக் பகுதியை ஆராய்ந்த ஹட்சிசன், ஷா ஆகிய மருத்துவர்கள், நல்லுணவு உண்டும் கோஷாவில் வாழ்ந்த முஸ்லிம், மேற்குடி இந்துக் குடும்பங்களில் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயைக் கண்டனர். எளிய உணவுடன் வயலில் உழைத்தோரிடம் அதைக் காணவில்லை.

1985-இல் ஒசாகாவில், எலும்புத் தேய்வுக்கு வைட்டமின் டி வகை மருந்துண்ட ஒருவரின் சொரியாசிஸும் தணிந்ததை மொரிமோட்டோ, குமஹாரா இருவரும் பதிவு செய்தனர். பின்னர் அவ்வகைக் களிம்புகள் வழக்கிற்கு வந்தன.

இந்நோய் தொற்றாது. எனினும் பிறர் பார்வைக்கு அஞ்சி வெயிலையே துறப்போர் பலர். மூட்டழற்சியும் நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பை மேலும் மெலிவிக்கும். முற்றத்து வீடுகள் மறைந்து அடுக்ககங்கள் எழும் வண்டலூரிலும் மொட்டை மாடி உண்டு. மருத்துவரைக் கேட்டு, தோல் கன்றாத அளவில் அங்கு வெயில் காய்வதும், குருதியில் வைட்டமின் டி அளவைச் சோதிப்பதும் நலம். மாத்திரையை மட்டும் தாமே கூட்டலாகாது. அளவு மிஞ்சினால் குருதியில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.