நீடித்த சமநிலைக் குறைபாடு

நீடித்த சமநிலைக் குறைபாடு என்பது உடலை நிலைநிறுத்தும் உணர்வு பல மாதங்களோ வாழ்நாள் முழுவதுமோ குன்றியிருக்கும் நிலை ஆகும். தலைச்சுற்றல், தள்ளாட்டம், தலையை அசைக்கும்போது காட்சி துள்ளுதல் ஆகியன இதன் முதன்மை அறிகுறிகள். நோய் வெளியே தெரியாததால் பாதிக்கப்பட்டவர் மது அருந்தியவராகத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

சமநிலை உணரப்படும் விதம்

உட்காது, கண், பாதங்களும் மூட்டுகளும் என மூன்று வழிகளில் மூளை உடலின் நிலையை அறிகிறது. ஒவ்வொரு உட்காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியையும், இரண்டு சிறு பைகள் நேர்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணர்கின்றன. ஒரு காது பழுதுபட்டால் மூளை பெரும்பாலும் ஈடுசெய்துகொள்ளும். இரு காதுகளும் பழுதுபட்டால் கண்ணையும் பாதத்தையுமே நம்ப வேண்டும்.

காரணங்கள்

* செண்டாமைசின், இசுட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளின் பக்கவிளைவு
* மெனியர் நோய், மூளையுறை அழற்சி, தலைக்காயம்
* முதுமை
* காது குணமான பின்னும் மூன்று மாதங்களுக்கு மேல் தொடரும் செயற்பாட்டுத் தலைச்சுற்றல். இதற்கான வரையறைகளைப் பாரனி கழகம் 2017 இல் வெளியிட்டது.

வரலாறு

1943 இல் கண்டறியப்பட்ட இசுட்ரெப்டோமைசின், காசநோய்க்குப் பயன்பட்ட முதல் நுண்ணுயிர் எதிர்ப்பி ஆகும். அது உட்காதின் சமநிலை உறுப்பைத் தாக்கக்கூடியது என்பது விரைவில் தெரியவந்தது. இம்மருந்தால் சமநிலையை இழந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர், 1952 இல் 'ஜே. சி.' என்ற முதலெழுத்துகளுடன் தம் அனுபவத்தை மருத்துவ இதழொன்றில் எழுதினார். நாடித்துடிப்பின் அசைவிலேயே எழுத்துகள் துள்ளியதால், கட்டில் கம்பிகளுக்கிடையே தலையை அழுத்தி நிறுத்தி அவர் படித்தார். 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் சில ஆய்வுகளில் இம்மருந்து வாரம் இருமுறை ஊசியாக வழங்கப்பட்டது. தற்போது காசநோய்க்கு வாய்வழி மருந்துகளே பெரும்பாலும் முதன்மை பெறுகின்றன.

அன்றாட வாழ்க்கை

வெளிச்சமும் உறுதியான தரையும் உள்ள இடத்தில் நடப்பவருக்கே இருட்டிலும் மணலிலும் நடை தடுமாறும். பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் போன்ற ஊர்களில் வயல் வரப்பு, மின்தடை நேரத்துத் தெரு, குன்றுக்கோயில் படிகள் ஆகியவை கடினமாகும். குளத்தில் மூழ்குவது உயிருக்கே ஆபத்தானது. நீருக்கடியில் கண்ணும் பாதமும் உதவாததால் மேல் எது, கீழ் எது என்பது தெரியாமல் போகலாம். முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் விழ நேரிடும். பின்வருவன உதவும்:

* இரவு முழுதும் சிறுவிளக்கு, படிகளிலும் கழிப்பறையிலும் கைப்பிடி
* உட்கார்ந்து குளித்தல்
* கைத்தடி, பின்புறம் பிடிப்புள்ள தட்டையான செருப்பு
* எழுத்தைப் படிக்கவோ பெயர்ப்பலகையைப் பார்க்கவோ நின்றுகொள்ளுதல்
* உயரத்தில் ஏறுவதையும், மருத்துவர் அனுமதியின்றி வண்டி ஓட்டுவதையும் தவிர்த்தல்

சிகிச்சை

இறந்த உணர்மயிர்க் கலங்களை மீண்டும் உருவாக்கும் மருந்து இல்லை. சமநிலைப் பயிற்சியே முதன்மைச் சிகிச்சை. 1940களில் பிரித்தானியாவில் காதோர்ன், குக்சி ஆகியோர் தலைக்காயமுற்றோருக்கு வகுத்த பயிற்சிகள் இதற்கு அடிப்படையாயின. ஒரு பொருளில் பார்வையை நிறுத்தித் தலையை அசைத்தல், கால்களை ஒட்டி நிற்றல் ஆகியன படிப்படியாகக் கடினமாக்கப்படும். தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளை நீண்டகாலம் உட்கொண்டால் மூளை ஈடுசெய்துகொள்வது தாமதமாகும். விழும் அச்சத்தால் நடமாட்டத்தைக் குறைப்பதும் குறைபாட்டை மிகுவிக்கும்.