அறுத்த மட்கார்டும் ஆயத்த பாபரும்

'பாபர்' கழித்தலில் பிறந்த மோட்டார் சைக்கிள் வடிவம். 1930களில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம், சந்தையில் விற்கும் வண்டிகளைக் கொண்டே ஓடும் 'கிளாஸ் சி' பந்தயங்களைத் தொடங்கியது. அவற்றைப் பார்த்து எடை குறைக்க விழைந்த எளிய ஓட்டிகள் முன் மட்கார்டைக் கழற்றினர். பின் மட்கார்டைக் குட்டையாக அறுத்தனர். குட்டையாக நறுக்குதலைக் குறிக்கும் 'பாப்' என்ற ஆங்கிலச் சொல்லே பெயராயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வழக்கம் பரவியது. ரம்பமும் ஸ்பேனரும் இருந்தால் போதுமாயிருந்தது.

இந்தியாவில் புதிதாக ஓட்ட வருவோர்க்கு அவ்வழி ஏறத்தாழ அடைபட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்றது. மத்திய விதிகளின் 123ஆம் விதியோ, பின்னிருப்பவரின் ஆடை சிக்காதிருக்கப் பின்சக்கரத்தின் பாதியையேனும் மூடும் காப்பைக் கோருகிறது. பாபரின் அழகியலுக்கு இதனினும் நேரெதிரான விதி அரிது. சேலை கட்டி அமரும் பெண்ணின் உயிர் அதில் அடங்கியிருப்பதால் எள்ளுதற்கும் இயலாது.

2019 நவம்பரில் 334 சிசி ஜாவா பெராக் ஒற்றை இருக்கையோடு தொழிற்சாலையிலேயே குறுக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. அப்போது எஞ்சின் பெரிதாயிருந்தது உண்மையே. எனினும் இருவர் அமரும் ஜாவாவைவிட அதன் விலை அன்று அதிகமாயிருந்தது. 2024இல் வந்த ராயல் என்ஃபீல்டின் கோவன் கிளாசிக் 350இல் பின்னிருக்கையை உரிமையாளரே கழற்றலாம்.