பழைய பிக்கப்பின் ஹோனும் நூறு வருட வரலாறும்



நமது ஒழுங்கைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப்களைப் பாருங்கள். மீன், மரக்கறி, சீமெந்து, கல்யாண வீட்டுக் கதிரை மேசை எல்லாம் அவற்றில்தான் வருகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பைத் தாங்கியவை இந்தப் பழைய வண்டிகளே.

இவற்றில் அடிக்கடி வாயடைத்துப் போவது ஹோன். உடனே பலர் என்ன செய்கிறார்கள்? கோளாறைத் தேடாமல் ஓர் எயார் ஹோனை வாங்கி, பற்றரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து, டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்வதற்கு முன் ஹோன் வந்த கதையைக் கொஞ்சம் படிப்போம். கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கதையே காட்டித் தரும்.

1865இல் பிரித்தானியாவில் ஒரு சட்டம் இருந்தது. இயந்திர வண்டி தெருவில் போனால், அதற்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். முதல் ஹோன் அந்த மனிதர்தான் என்று சொல்லலாம். 1896இல் புதிய சட்டம் வந்து வேக எல்லையை உயர்த்தியது. கூடவே, வண்டியில் மணியோ, எச்சரிக்கை ஒலி எழுப்பும் வேறு கருவியோ இருக்க வேண்டும் என்றது. ஆக, மனிதன் செய்த வேலையை ஒலி ஏற்றுக்கொண்டது. மற்றவரைக் காப்பாற்றத்தான் ஹோன் பிறந்தது, மிரட்டுவதற்கு அல்ல.

முதலில் வந்தது றப்பர்ப் பந்தை அமுக்கும் ஊதுகுழல். பிறகு, 1908 அளவில் அமெரிக்காவில் 'கிளாக்சன்' சந்தைக்கு வந்தது. ஒரு சிறு மோட்டார் பல்சக்கரத்தைச் சுழற்ற, அது மெல்லிய உலோகத் தகட்டைத் தட்டித் தட்டி அலற வைக்கும். அதைக் கண்டுபிடித்தவர் மில்லர் ரீஸ் ஹட்சிசன். அதற்குச் சில வருடங்களுக்கு முன், காது கேளாதோருக்காக மின்சாரக் கருவி செய்தவரும் இதே மனிதர்தான்! காதுக்கு உதவியதும் காதைப் பிளந்ததும் ஒரே கை.

1921இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் தனது மின்சார ஹோனை வெளியிட்டது. இன்று நம் பிக்கப்களில் இருப்பது மின்காந்தத்தால் அதிரும் வகை. இதை நாம் வகுப்பறையில் ஏற்கனவே படித்திருக்கிறோம். விஞ்ஞானப் பாடத்தில் மின்மணியின் படம் வரைகிறோமே, அதே தத்துவம்தான். மின்சாரம் ஓடும்போது மின்காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்த உடனே உள்ளே இருக்கும் பொயின்ட் விலகி மின்சாரம் அறும். தகடு திரும்பும், பொயின்ட் மீண்டும் ஒட்டும். ஒரு செக்கனில் சுமார் 400 தடவை இது நடக்கும்போது நமக்குக் கேட்பதுதான் 'பீம்'. பொயின்ட் தேய்ந்தால் ஹோன் கரகரக்கும், அல்லது 'டிக்' என்று மட்டும் சொல்லும். பல ஹோன்களின் பின்னால் இருக்கும் சின்ன ஸ்குரூவை மெதுவாகக் கொஞ்சம் திருப்பினால், இழந்த குரல் சில வேளை திரும்பிவிடும்.

அடுத்த பாடம், ஏர்த். வண்டியின் உடலே இரும்பு என்பதால், மின்சாரம் திரும்பிப் போக இன்னொரு வயர் தேவையில்லை என்று அக்காலத்திலேயே கண்டுகொண்டார்கள். செம்பு மிச்சமானது. நம் வாப்பாமார் ஓட்டிய மொரிஸ், ஒஸ்டின் போன்ற பிரித்தானியக் கார்கள் பலவற்றில் 1960கள் வரை பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் பெருகிய ஜப்பானிய வண்டிகளில் அது எதிர்முனை. எந்த முனையானாலும் பாதை இரும்புதான். அந்த இரும்பு துருப்பிடித்தால் பாதை அறுந்துவிடும். வெள்ளவத்தைக் கடலின் உப்புக்காற்று படும் ஊர் இது. ஹோனோ கிரிலுக்குப் பின்னால் மழையும் சேறும் வாங்கிக்கொண்டு தொங்குகிறது. ஹோன் செத்துவிட்டது என்று நாம் நினைக்கும் பல இடங்களில், உண்மையில் செத்திருப்பது ஒரு போல்ட்டின் பிடிப்புத்தான்.

மூன்றாவது, ஸ்டியரிங். சுழலும் சக்கரத்துக்கு இரண்டு வயர் கொண்டுபோவது கஷ்டம். அதனால் பெரும்பாலான பழைய வண்டிகளில் பட்டன் செய்வது ஏர்த்தை இணைப்பதை மட்டுமே. ஒரு வயர், ஒரு வளையம், அதில் உரசும் ஒரு தொடுமுனை. அது தேய்ந்தால் ஹோன் ஊமை. அந்த வயர் தோலுரிந்து இரும்பில் பட்டால், நள்ளிரவில் தானாகவே கத்தும். பிறகு ரிலே வந்தது. ஹோன் இழுக்கும் மின்சாரம் பட்டனைக் கருக்காமல் இருக்க, பட்டன் ரிலேயை எழுப்பும், ரிலே ஹோனை எழுப்பும்.

இந்த வரலாற்றைப் பின்னாலிருந்து படித்தால், அதுவே கோளாறு தேடும் வழி:

1. முதலில் பியூஸ். சில வண்டிகளில் ஹசார்ட் லைற்றுக்கும் ஹோனுக்கும் ஒரே பியூஸ். இரண்டும் வேலை செய்யாவிட்டால் அங்கே பாருங்கள். கருகினால் அதே அளவு பியூஸையே போடுங்கள், பெரியதைப் போட வேண்டாம்.

2. ஹோனின் வயரைக் கழற்றி, பியூஸ் வைத்த வயரால் பற்றரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். சத்தம் வந்தால் ஹோனில் குறையில்லை.

3. ஹோனில் ஒரு முனைதான் என்றால் அது உடல் வழியாக ஏர்த் எடுக்கிறது. போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். இரண்டு முனை என்றால் இரண்டாவது வயரைத் தொடர்ந்து போங்கள்.

4. ரிலே உள்ள வண்டியில் பட்டனை அமுக்கும்போது ரிலே 'டிக்' என்கிறதா? என்றால், பட்டன் பக்கம் சரி. கோளாறு ரிலேயிலோ அதற்கு அப்பாலோ. சத்தமே இல்லையென்றால் ரிலேக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்த்து, பிறகு ஸ்டியரிங் பக்கம் போங்கள்.

பெரும்பாலும் இதற்குத் தேவைப்படுவது ஒரு டெஸ்ட் லாம்ப், கொஞ்சம் மண்தாள், அரை மணி நேரம். பொருள் மாற்றத்தான் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தை இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறோம்? பியூஸ் இல்லாமல் இழுத்த எயார் ஹோன் வயர் ஒரு நாள் வண்டியையே எரிக்கலாம். பிள்ளை குறுக்கே ஓடும்போது சாரதியின் கை தேடுவது ஸ்டியரிங்கைத்தான், டேஷ்போர்டு சுவிட்சை அல்ல. களுபோவிலை ஆஸ்பத்திரியும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வாகன ஹோன்களின் சத்தத்துக்கு எல்லை வகுத்து, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன.

இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு கராஜுக்குப் போகும் நம் பிள்ளைகளை, படிக்காதவன் என்று ஒதுக்குகிறோம். ஆனால் 1970களில் இறக்குமதி அடைபட்டிருந்த நாட்களில், உதிரிப்பாகம் இல்லாமலே இந்த நாட்டு வண்டிகளை ஓட வைத்தவர்கள் பாஸ்மார்தான். பரீட்சைத் தாளில் மின்மணியின் படத்துக்குப் பெயர் குறிக்கத் தவறிய அதே பிள்ளை, பொயின்ட்டின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறைச் சொல்கிறான். அது அதே பாடம்தான். அவனிடம் அதைச் சொல்ல வேண்டியது ஆசிரியர்களாகிய நாம். அடுத்த முறை வண்டியைக் கொண்டுபோகும்போது, "ஹோனை மாத்து தம்பி" என்று சொல்லாதீர்கள். "எங்க அறுந்திருக்குன்னு பாரு தம்பி" என்று சொல்லுங்கள். நின்று பார்க்கவும் நேரம் கொடுங்கள்.