கால்நடை நலப் பொருளியல்

கால்நடை நோயால் வரும் இழப்பையும் அதைத் தடுக்க ஆகும் செலவையும் ஒப்பிட்டு முடிவெடுக்க உதவும் துறை. சாவு மட்டுமே இழப்பல்ல. கறவைக் குறைவு, சினைப்பிடிக்காமை, மருந்துச் செலவு ஆகியவையும் கணக்கில் சேரும்.

பண்ணை அளவில்: வெளியே தெரியாத மடிநோயில் மடி வீங்காது, பால் திரியாது; கறவை மட்டும் குறையும். நாளுக்கு ஒரு லிட்டர் குறைந்து, லிட்டர் 35 ரூபாய்க்கு விற்பதாகக் கொண்டால், 300 நாளில் 10,500 ரூபாய் வரவு குறையும். கறந்தபின் காம்புகளைக் கிருமிநாசினிக் கரைசலில் நனைப்பது போன்ற தடுப்புமுறைகளின் செலவு, அவற்றால் தவிர்க்கப்படும் இழப்பைவிடக் குறைந்தால் லாபம்.

நாட்டளவில்: தொற்றுநோய்க்கு ஒருவர் போடும் தடுப்பூசி அண்டை வீட்டு மாட்டையும் காக்கும். அந்தப் பலனைத் தனி விவசாயி தம் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே அரசு செலவை ஏற்கிறது. அத்தகைய தொற்றுநோயான கோமாரி 2001இல் பரவிய பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. இந்தியா 2019இல் கோமாரி, கன்றுவீச்சு நோய் ஆகியவற்றுக்கு எதிராக 13,343 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோய்க்கு இன்று தடுப்பூசிச் செலவே இல்லை.